விசிலுக்கும் ‘ரெடி’க்கும் நடுவில்: ஒரு வேனின் ரீப்ளே அமைப்பை மாற்றிய அனுபவம்

கால்பந்தில் கோல் விழுந்த நொடியில் அரங்கமே எழுந்து நிற்கும், வர்ணனையாளரின் குரல் உச்சத்துக்குப் போயிருக்கும். மைதானத்திலிருந்தே ஒளிபரப்பை நடத்தும் ஓபி வேனுக்குள் ரீப்ளே மேசையில் இருப்பவர் மட்டும் அசைய மாட்டார். கண், எல்லாக் கேமராவையும் ஒன்றாகக் காட்டும் மல்டிவியூவர் திரையில் இருக்கும், வலது கை பதிவை முன்னும் பின்னும் நகர்த்தும் ஜாக் டயலைப் பின்னுக்குச் சுற்றும், இடது கை கேமரா பொத்தான்களின் மேல் ஓடும். இன்டர்காமில் டைரக்டர் “ரீப்ளே, என்ன இருக்கு?” என்று கேட்பதற்கும் இவர் “நாலு ரெடி” என்று சொல்வதற்கும் இடையில் ஒரு மூச்சு விடும் நேரம்தான். எங்கள் வேலையின் மொத்த மானமும் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

நான் நேரலை விளையாட்டு ஒளிபரப்பில் ரீப்ளே பகுதியைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர். நாங்கள் ஒரு வேனில் இருந்த பழைய ரீப்ளே சர்வரை எடுத்துவிட்டு, ஐபி நெட்வொர்க்கில் ஓடும், மென்பொருளை நம்பியிருக்கும் புது அமைப்பை வைத்தோம். எது நன்றாக வந்தது, எது முதல் நாளே காலை வாரியது, ஏன் வாரியது என்பதையெல்லாம் இங்கே முழுதாக எழுதுகிறேன். இதே வேலையை யாராவது தொடங்கப்போகிறார்கள் என்றால், எங்களுக்கு நடந்தது அவர்களுக்கு நடக்காமல் இருக்கட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. ரீப்ளே என்றால் படத்தைத் திரும்பப் போடுவது என்று பலரும் நினைக்கிறார்கள். போடுவது எளிது. எந்த இடம் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

இது இன்று நேற்று வந்த பிரச்சினை இல்லை. 1963 டிசம்பர் 7 அன்று பிலடெல்பியாவில் அமெரிக்க ராணுவ அணிக்கும் கடற்படை அணிக்கும் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில், சிபிஎஸ் டைரக்டர் டோனி வெர்னா வீடியோ டேப்பிலிருந்து உடனடி ரீப்ளேயைப் போட்டுக் காட்டினார். ஆயிரம் பவுண்டுக்கு மேல் எடையுள்ள ஆம்பெக்ஸ் மெஷினை அதற்காக மைதானத்துக்கே கொண்டுபோயிருந்தார்கள். டேப்பைப் பின்னுக்கு ஓட்டினால் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது, ஓட விட்டாலும் படம் நிலைக்குவர நேரம் எடுக்கும். வெர்னா செய்த உபாயம் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்: ஆட்டத்தின் முக்கியமான கட்டங்களில் டேப்பின் ஒலித்தடத்தில் ‘பீப்’ சத்தம் பதிய வைத்து, பின்னுக்கு ஓட்டிவிட்டு அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டு இடத்தைப் பிடித்தார். அன்று பல முறை முயன்றும் ஒரே ஒரு ரீப்ளேதான் ஒளிபரப்பில் போனது, அதுவும் சாதாரண வேகத்தில். ராணுவ அணி மறுபடியும் புள்ளி எடுத்துவிடவில்லை என்று வர்ணனையாளர் பார்வையாளர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது.

அப்புறம் 1967-ல் ஆம்பெக்ஸின் ஹெச்எஸ்-100 வந்தது. காந்தத் தட்டில் பதியும் மெஷின். கொள்ளளவு 30 நொடிதான், ஆனால் மெதுவாக ஓட்டலாம், ஃப்ரீஸ் செய்யலாம். 1994-ல் பெல்ஜியத்தில் தொடங்கிய இவிஎஸ் நிறுவனம், ஹார்ட் டிஸ்க்கில் பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் போய்ப் பார்த்து, வெட்டி, ஒளிபரப்புக்குத் தரும் முறையைப் பரவலாக்கியது. ரீப்ளே ஆபரேட்டரையே ‘இவிஎஸ் ஆபரேட்டர்’ என்று கூப்பிடும் பழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. வெர்னாவின் பீப் சத்தத்துக்குப் பதில் இன்று டைம்கோடு (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள நேர எண்), இடத்தைக் குறித்து வைக்கும் மார்க் பொத்தான், டயல். கேள்வி மட்டும் அதேதான்: எவ்வளவு சீக்கிரம் அந்த இடத்துக்குப் போய் நிற்கிறாய்?

பழையதும் புதியதும்

பழைய சர்வரில் ஆறு கேமரா உள்ளே, இரண்டு வழி வெளியே, ஒரு ஆபரேட்டர் பேனல். இன்டர்லேஸ்டு 1080 வரிப் படம், எல்லாம் எஸ்டிஐ கேபிள் (ஒரு வயரில் ஒரு படம் போகும் முறை). நம்பகமான மெஷின். அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு, வருடக்கணக்கில் எங்களைக் கைவிட்டதே இல்லை. ஆனால் இன்டர்லேஸ்டில் ஒரு நொடிக்கு 50 பாதிப் படங்கள் வருகின்றன, ஒவ்வொன்றிலும் 540 வரிகள்தான். பறக்கும் பந்தை ஃப்ரீஸ் செய்தால் இரண்டு பாதிகளும் பொருந்தாமல் விளிம்பெல்லாம் சீப்புப் பல் மாதிரி தெரியும், ஒரு பாதியை மட்டும் எடுத்தால் படம் மங்கும். கோடு தாண்டியதா இல்லையா என்று பார்ப்பவர் கேட்கும் நேரத்தில் மங்கலான பந்தைக் காட்டுவது எங்களுக்கே கஷ்டமாக இருந்தது.

புது அமைப்பில் 12 கேமரா, புரொகிரெசிவ் 1080 (பாதி பாதியாக இல்லாமல் முழுப் படம்), நொடிக்கு 50 ஃபிரேம். இரண்டு கேமராக்கள் சூப்பர் ஸ்லோமோ, நொடிக்கு 150 ஃபிரேம் எடுப்பவை. மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டினால் சாதாரண கேமராவின் ஒவ்வொரு ஃபிரேமும் மூன்று தடவை திரும்ப வரும், அசைவு திக்கித் திக்கிப் போகும். 150 ஃபிரேம் கேமராவில் ஒவ்வொன்றும் ஒரே தடவை வருவதால் வழுக்கிக்கொண்டு போகும். (150 ஃபிரேமுக்கு விளக்கு வெளிச்சமும் ஒத்துழைக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சில வகை விளக்குகள் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும், அதனால் ஃபிரேமுக்கு ஃபிரேம் வெளிச்சம் மாறி ஸ்லோமோ முழுக்கத் துடிக்கும். கேமரா வாங்கும் முன் மைதானத்தின் விளக்கைப் பார்த்துவிட்டு வாருங்கள்.)

ஒரு சூப்பர் ஸ்லோமோ கேமரா சர்வருக்கு மூன்று சாதாரண கேமராவுக்குச் சமம். அப்படியானால் 10 கேமராவும், இரண்டு மும்மடங்கும் சேர்த்து மொத்தம் 16 படத் தரவு ஓடைகள். ஒவ்வொன்றையும் நொடிக்குச் சுமார் 200 மெகாபிட்டில் பதிந்தால் மணிக்கு 90 ஜிபி, பதினாறுக்கும் சேர்த்து 1,440 ஜிபி. ஒரு ஆட்டம், முன்னும் பின்னும் உள்ள நிகழ்ச்சி என்று நான்கு மணி நேரம் ஓடினால் ஆறு டெராபைட்டை நெருங்கிவிடும். இந்தக் கணக்கைப் பார்த்ததும் ஒரு கூட்டத்தில் லாங்-ஜிஓபி கம்ப்ரஷன் போடலாமே, இடம் பாதிக்கு மேல் மிச்சமாகுமே என்று பேச்சு வந்தது. நான் பிடிவாதமாக மறுத்தேன், இப்போதும் மறுப்பேன். அந்த முறையில் ஒரு ஃபிரேமைக் காட்ட அதற்கு முந்தைய பல ஃபிரேம்களைத் திறக்க வேண்டும். நேராக ஓடும்போது தெரியாது. ஆபரேட்டர் டயலைப் பின்னுக்குச் சுற்றும்போது, இரண்டு ஃபிரேம் முன்னே, ஒன்று பின்னே என்று தேடும்போது, படம் கையோடு வராது. ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்கும் இன்ட்ரா கம்ப்ரஷன்தான் ரீப்ளேக்கு ஏற்றது. செலவு கூடினாலும் பரவாயில்லை என்று எஸ்எஸ்டி வாங்கினோம்.

கேபிள் பக்கம் எஸ்டிஐயிலிருந்து, ஐபி நெட்வொர்க்கில் படம் அனுப்புவதற்கான எஸ்எம்பிடிஇ 2110 தரத்துக்கு வந்தோம். 2017-ல் இதன் முதல் பகுதிகள் வெளியாயின. படம், ஒலி, துணைத் தரவு எல்லாம் தனித்தனி ஓடைகளாக சுவிட்ச் வழியே போகும், எல்லாக் கருவிகளும் பிடிபி கடிகாரம் ஒன்றைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்ளும். எங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம், எந்தக் கேமராவையும் எந்த ஆபரேட்டரும் எடுத்துக்கொள்ள முடிந்தது. முன்பெல்லாம் ஏழாவது கேமரா வேண்டும் என்றால் ஒருவர் எழுந்து போய் பேட்ச் பேனலில் வயரை மாற்றுவார். கம்ப்ரஸ் செய்யாத ஒரு புரொகிரெசிவ் படத்துக்கு நொடிக்கு 2 ஜிகாபிட்டுக்குச் சற்று மேல் ஆகிறது, 16 ஓடைக்கு 33 ஜிகாபிட். ஒரு 25 ஜிகாபிட் போர்ட்டில் அடங்காது, அதைத் தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்துக்கொண்டோம். 2022-7 முறைப்படி இரண்டு தனித்தனி நெட்வொர்க்கில் ஒரே ஓடையை அனுப்பினோம். ஒத்திகையில் ஒரு பக்கத்து ஃபைபரைக் கையால் உருவிப் பார்த்தேன், திரையில் ஒரு சிமிட்டல் கூட இல்லை.

முதல் நேரலை ஆட்டம்

அதற்கு முன் சில ஆட்டங்களில் நிழல் ஓட்டம் செய்தோம். பழைய சர்வர் ஒளிபரப்பில், புதியது பக்கத்தில் சும்மா பதிந்துகொண்டிருக்கும், ஒரு ஆபரேட்டர் அதில் பழகிக்கொள்வார். எல்லாம் சரியாக இருந்தது. தைரியமாக மாற்றினோம்.

முதல் பாதியின் நடுவில் ஒரு கோல். ஆஃப்சைடா என்று சந்தேகம் வரும்படியான கோல். இரண்டு ஆபரேட்டர்களும் வேகமாகப் பிடித்தார்கள், டைரக்டர் இரண்டு கோணத்தையும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கமாகக் கேட்டார்: இடது பக்கம் உயரத்தில் இருக்கும் இரண்டாம் கேமரா, வலது பக்கம் கோலுக்குப் பின்னால் இருக்கும் சூப்பர் ஸ்லோமோ. இரண்டையும் ஒரே டைம்கோடில் பூட்டி மெதுவாக ஓட விட்டார்கள். இடது பக்கத்தில் பந்து காலை விட்டுக் கிளம்பிவிட்டது. வலது பக்கத்தில் கால் இன்னும் பந்தைத் தொடவே இல்லை.

வேனுக்குள் யாரும் பேசவில்லை. டைரக்டர் சட்டென்று ஒற்றைக் கோணத்துக்கு மாறினார். சில நொடிகள்தான் திரையில் இருந்தது. ஆனால் ஆட்டத்தைக் கூர்ந்து பார்க்கிறவர் எவருக்கும் அது தெரிந்திருக்கும். அன்று மீதி ஆட்டம் முழுக்க இரட்டைத் திரையைத் தொடவில்லை.

இடைவேளையில் கிளிப்பை எடுத்து ஃபிரேம் ஃபிரேமாக எண்ணினேன். நான்கு ஃபிரேம் வித்தியாசம். நொடிக்கு 50 ஃபிரேம் என்றால் நான்கு ஃபிரேம் 80 மில்லி நொடி. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் போகும் பந்து அந்த 80 மில்லி நொடியில் 2 மீட்டர் போய்விடும். ஆஃப்சைடு கோட்டுக்கு 2 மீட்டர் என்பது ஆட்டத்தின் முடிவு.

காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. பிடிபி கடிகாரம் கோளாறு என்றுதான் எல்லோரும் முதலில் நினைத்தோம். கடிகாரத்தில் ஒரு குறையும் இல்லை. விஷயம் இதுதான்: சாதாரண கேமராவின் படம் கண்ட்ரோல் யூனிட்டிலிருந்து கிட்டத்தட்ட உடனே வெளியே வந்துவிடும். சூப்பர் ஸ்லோமோ கேமராவின் பெட்டி 150 ஃபிரேமைப் பிரித்து மூன்று எஸ்டிஐ வழிகளாகக் கொடுப்பதற்குள் சில ஃபிரேம் தாமதம் ஆகிறது. அந்த எஸ்டிஐ, கேட்வே பெட்டிக்குள் போய் ஐபியாக மாறும்போதுதான் நேர முத்திரை விழுகிறது. அதாவது, படம் லென்ஸில் விழுந்த நேரத்தை யாரும் பதியவில்லை, கேட்வேக்கு வந்து சேர்ந்த நேரத்தைத்தான் பதிந்தோம். சர்வர் அந்த முத்திரையை அப்படியே நம்பி இரண்டு கோணத்தையும் ‘ஒத்திசைத்து’ ஓட்டியது. அதன் பார்வையில் எல்லாம் சரி.

நிழல் ஓட்டத்தில் இது ஏன் சிக்கவில்லை? ஒரே ஆபரேட்டர், ஒவ்வொரு கேமராவாகத் தனித்தனியே எடுத்துப் பார்த்தார். தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அழகாக இருந்தது. இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பூட்டி ஓட்டும் வேலையை நாங்கள் ஒரு தடவைகூடச் செய்து பார்க்கவில்லை. ஒளிபரப்பில் டைரக்டர் என்னவெல்லாம் கேட்பாரோ அத்தனையையும், இரண்டு ஆபரேட்டரையும் உட்கார வைத்து, இன்டர்காமோடு ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அந்தத் தவறு எங்களுடையது.

தீர்வு எளிமையானது. எல்லாக் கேமராவையும் மைதானத்தின் நடுவில் ஒரே இடத்தைப் பார்க்க வைத்து, ஸ்டில் கேமராவின் ஃபிளாஷை ஒரு தடவை அடித்தோம். பதிவில் ஒவ்வொரு கேமராவிலும் அந்த வெளிச்சம் எந்த ஃபிரேமில் விழுகிறது என்று பார்த்து, வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதி, சர்வரின் உள்வாங்கும் அமைப்பில் கேமராவுக்கு இத்தனை ஃபிரேம் என்று கழித்தோம். ஃபிளாஷ் ஒரு நொடியில் மிகச் சிறிய பங்குதான் எரியும், சில கேமராவில் படத்தின் பாதியில் மட்டும் விழும், சிலதில் விழாமலேயே போகும். அதனால் பல தடவை அடித்துப் பார்க்க வேண்டும்.

நான் இதில் இவ்வளவு நேரம் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. ரீப்ளே இப்போது பார்ப்பவரின் சந்தோஷத்துக்கு மட்டும் இல்லை. 1992 நவம்பரில் டர்பன் டெஸ்டில் சச்சின் டெண்டுல்கர் ரன் அவுட் என்று மூன்றாவது நடுவர் டிவி ரீப்ளே பார்த்துத் தீர்ப்பு சொன்னதிலிருந்து, 2018-ல் வீடியோ உதவி நடுவர் முறை கால்பந்து விதிகளுக்குள் வந்தது வரை, திரையில் ஓடும் படம் சாட்சியாகிவிட்டது. எங்கள் வேனின் படம் நடுவருக்குப் போவதில்லை. ஆனாலும் வீட்டில் பார்ப்பவர் அதைத்தான் வைத்து நடுவரைத் திட்டுகிறார். நாங்கள் நேரத்தைத் தப்பாகக் காட்டி ஒரு நியாயமான நடுவர் திட்டு வாங்கினால் அது எங்கள் பாவம்.

பேனலும் கையும்

திட்டத்தின் முதல் வரைவில் பழைய பேனலைத் தூக்கிவிட்டு டச் ஸ்கிரீன் போடுவதாக இருந்தது. பார்க்க நன்றாக இருக்கும், விலையும் குறைவு. எங்கள் மூத்த ஆபரேட்டரைக் கூப்பிட்டு மாதிரியைக் காட்டினோம். அண்ணன் பத்து நிமிடம் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “தம்பி, நான் கையைப் பார்த்தா ஆட்டத்தை யாரு பார்க்கிறது?”

அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் முழுக்க அவர் கையை மட்டும் பார்த்தேன். ஒரு தடவைகூடக் கண் பேனலுக்கு இறங்கவில்லை. சுண்டுவிரல் எப்போதும் பேனலின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், அங்கிருந்து மற்ற விரல்கள் தூரத்தை அளந்துகொள்கின்றன. ஓட்டும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டி-பார் கைப்பிடியைத் தள்ளும்போது அது எங்கே நிற்கிறது என்று உள்ளங்கையின் எதிர்ப்பிலேயே தெரிகிறது. ஃபவுல் மாதிரி தெரிந்ததும் மார்க் பொத்தானை அழுத்திவிடுகிறார், விசில் வந்தாலும் வராவிட்டாலும். ஒன்றுமில்லை என்றால் அந்த மார்க் அப்படியே கிடக்கும். விசில் வந்தால் அவர் ஏற்கெனவே அந்த இடத்தில் நிற்கிறார். வெர்னாவின் பீப் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

டச் ஸ்கிரீனை விட்டுவிடவில்லை. கிளிப்புக்குப் பெயர் வைப்பது, பிளேலிஸ்ட் அடுக்குவது, பழைய கோல்களைத் தேடுவது, இவற்றுக்கு அது அருமை. விசிலுக்கும் ரெடிக்கும் நடுவில் உள்ள வேலைக்கு மட்டும் டயலும் டி-பாரும் பொத்தானும் கொண்ட பேனல்.

பேனல் விஷயத்தில் இன்னொன்றும் நடந்தது. மூன்றாவது ஆட்டத்தின் இடைவேளையில் டயல் கனத்துவிட்டது என்று இரண்டு ஆபரேட்டரும் சொன்னார்கள். சுற்றினால் படம் அரை அடி பின்னால் இழுபடுவது மாதிரி வருகிறதாம். பார்த்தால், சமூக ஊடகக் குழு முதல் பாதியின் கிளிப்களை மொத்தமாக வெளியே இழுத்துக்கொண்டிருந்தது, அந்த ஃபைல் போக்குவரத்தும் பேனலின் கட்டளைகளும் ஒரே சுவிட்சில் ஒரே வழியில் நெரிந்துகொண்டிருந்தன. படத்துக்குத் தனி நெட்வொர்க் போட்ட நாங்கள், கட்டளைக்கு என்ன பெரிய பாரம் என்று அலட்சியமாக இருந்துவிட்டோம். பேனலுக்குத் தனி சுவிட்ச், ஃபைல் ஏற்றுமதிக்கு வேக வரம்பு. அதோடு தீர்ந்தது.

ஏஐ ஸ்லோமோ பற்றி

இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் இல்லாத ஃபிரேம்களை ஏஐ கொண்டு உருவாக்கி, சாதாரண கேமராவின் படத்தையும் சூப்பர் ஸ்லோமோ போல ஓட வைக்கும் வசதி புது அமைப்பில் வந்தது. வீரர் முகம், கொண்டாட்டம், புல்லில் சறுக்கி வருவது, இதற்கெல்லாம் அசத்தலாக இருக்கிறது. கோல் வலையின் குறுக்கே பந்து போகும் ஒரு காட்சியில் போட்டுப் பார்த்தேன். வலைக் கண்ணிகள் உருகிப் பந்தோடு சேர்ந்து நெளிந்தன. ஒன்றையொன்று மறைக்கும் இடத்தில், மெல்லிய கோடுகள் இருக்கும் இடத்தில், பந்தும் காலும் தொடும் இடத்தில் அது ஊகிக்கிறது, ஊகம் தப்புகிறது.

அதனால் எங்கள் வேனில் ஒரு விதி: கோடு, ஆஃப்சைடு, கை பட்டதா, ஃபவுலா என்று சந்தேகம் இருக்கும் எந்தக் காட்சிக்கும் அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது. கேமரா பார்க்காத ஒரு கணத்தை நடந்தது போலக் காட்டும் உரிமை எங்களுக்கு இல்லை. சில டைரக்டர்கள் இதற்குக் கோபப்பட்டிருக்கிறார்கள். அழகான ஸ்லோமோ கையில் இருக்கும்போது திக்கும் ஸ்லோமோவை ஏன் தருகிறாய் என்பது அவர்கள் கேள்வி. அந்தத் திக்கல் உண்மையானது என்பதுதான் என் பதில். அந்த இடத்தில் நிஜமான 150 ஃபிரேம் வேண்டும் என்றால் கேமராவை அங்கே வைக்க வேண்டும். அடுத்த சீசனுக்கு மூன்றாவது சூப்பர் ஸ்லோமோ கேமராவை நாங்கள் கேட்டு வாங்கியது இந்த வாக்குவாதத்தால்தான்.

மென்பொருள் அமைப்பு என்பதால் அப்டேட் அடிக்கடி வரும். ஆட்டத்துக்கு முந்தைய நாள் எதையும் ஏற்ற மாட்டோம், எவ்வளவு சின்னதாக இருந்தாலும். பழைய சர்வர் இன்னும் வேனின் பின் ரேக்கில் ஆறு கேமராவோடு ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு சீசன் முடியும் வரை அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.

ஃபிளாஷ் சோதனை இப்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் நடக்கிறது, ஒலிச் சோதனை மாதிரி. சமீபத்தில் ஒரு கேட்வே பெட்டி பழுதாகி, அதே மாடலில் வேறொன்றை வைத்தோம். அமைப்புகள் எல்லாம் அப்படியே ஏற்றப்பட்டன, திரையில் எல்லாம் பச்சை. ஃபிளாஷ் அடித்தபோது ஒன்பதாம் கேமரா ஒரு ஃபிரேம் பிந்தியது. பேனலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் அந்த எண்ணை அடித்துவிட்டு அண்ணன் புது எண்ணை எழுதினார், நான் சர்வரில் மாற்றினேன், மறுபடி ஃபிளாஷ் அடித்தோம். 12 கேமராவிலும் ஒரே ஃபிரேமில் வெளிச்சம் விழுந்தது. ஆட்டம் தொடங்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.